மகள் ஆலோசகரிடம் சொன்னதை எனக்கு ஏன் சொல்ல மறுக்கிறார்?

வாசகர் கேள்வி:

"என் மகளுக்கு 14 வயது. கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி ஒன்றில் உயர்நிலை இரண்டு படிக்கிறாள். நான் வேலைக்குப் போனதால் அவளை வளர்த்தது என் அம்மாதான். ஞாயிறு தவறாமல் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோவிலுக்குத் தமிழ்ப் பூசைக்குக் கூட்டிப்போவார். போன ஆண்டு அம்மா காலமானார். அதிலிருந்து மகள் கோவிலுக்கு வருவதில்லை. ஞாயிறு காலை வந்தால் வயிற்றுவலி என்கிறாள். வகுப்பாசிரியர் அவளைப் பள்ளி ஆலோசகரிடம் அனுப்பியது எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. நேரில் போய்க் கேட்டேன். 'பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறாள். ஆபத்து என்று தெரிந்தால் உடனே உங்களிடம் சொல்வேன். மற்றதை அவளே உங்களிடம் சொல்லட்டும்' என்றார். அவர் கத்தோலிக்கரே இல்லை. 'எனக்குக் கடவுள் நம்பிக்கை போய்விட்டது என்று அவரிடம் சொன்னேன்' என்று மகள் ஒரு சண்டையில் என்னிடம் கத்தினாள். அதை அவர் திருத்தவும் இல்லையாம். நான் கான்வென்ட்டில் படித்த காலத்தில் பிள்ளை சரியில்லை என்றால் சிஸ்டர் வீட்டுக்கே வந்து பேசுவார். கத்தோலிக்கப் பள்ளி என்று நம்பித்தானே சேர்த்தோம்? இந்த ஆலோசகரின் வேலைதான் என்ன? பாவசங்கீர்த்தனமா நடக்கிறது, ரகசியம் காப்பதற்கு?"

– ஒரு தாய், ஹவ்காங், சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். பள்ளிக்கூடங்களில் ஆலோசகராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன், அதில் ஒரு பகுதி கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில். நீங்கள் உட்கார்ந்த அந்த நாற்காலியில் எத்தனையோ அம்மாக்கள் என் எதிரே உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நானும் லூர்து மாதா கோவில் பெஞ்சில் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கி வழிந்த பிள்ளைதான். அதனால் உங்கள் பதற்றம் எனக்குப் புரியாத ஒன்றல்ல.

நீங்கள் கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். பாவசங்கீர்த்தனமா என்று கோபத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் மொத்த விஷயமும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒருவர் தன் பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும்போது, கேட்டதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்ல முடியாது. திருச்சபைச் சட்டம் 983 அதைத்தான் சொல்கிறது. தன் உயிருக்கே ஆபத்து என்றாலும் அந்த ரகசிய முத்திரையை அவர் உடைக்கக்கூடாது. ஆலோசகர் காக்கும் ரகசியம் அப்படிப்பட்டது அல்ல. அதற்கு ஓர் எல்லை உண்டு. பிள்ளை தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறாள், சாகவேண்டும் என்கிறாள், யாரோ அவளை அடிக்கிறார்கள், தவறாகத் தொடுகிறார்கள், அல்லது அவளால் இன்னொருவருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ஆலோசகர் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. பள்ளி முதல்வருக்குத் தெரியவேண்டும். வீட்டில் உள்ளவரால்தான் ஆபத்து என்றால் தவிர, பெற்றோருக்கும் தெரியவேண்டும். தேவைப்பட்டால் போலிசுக்கும் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சுக்கும் தகவல் போகும். முதல் சந்திப்பிலேயே பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடுவோம். "நீ சொல்வது இந்த அறைக்குள் இருக்கும். ஆனால் இந்த இந்த விஷயம் என்றால் நான் சொல்லியே ஆகவேண்டும்" என்று. சில பிள்ளைகள் அதைக் கேட்டதும் கொஞ்சம் பின்வாங்குவார்கள். ஆனாலும் சொல்லித்தான் தொடங்குவோம்.

இப்போது அந்த ஆலோசகர் உங்களிடம் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். "பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறாள். ஆபத்து என்று தெரிந்தால் உடனே சொல்வேன்." ஒன்றுமே சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறீர்கள். அவரோ ஒரு தாய்க்கு முதலில் தெரியவேண்டியதைச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். இரவில் நீங்கள் தூக்கமில்லாமல் கற்பனை செய்யும் மோசமான விஷயங்கள் எதுவும் அவர் கண்ணில் இதுவரை படவில்லை என்பது அந்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. மிச்சமிருப்பது உங்கள் மகளின் துக்கமும் கேள்விகளும். அது அவளுடைய சொத்து. வேறொருவர் அதை எடுத்துக் கொடுத்தால், அடுத்த வாரம் அவள் அந்த அறைக்கு வருவாள், உட்காருவாள், ஒன்றும் பேசமாட்டாள். எனக்கு அது நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அழுதுகொண்டு நின்ற ஓர் அம்மாவைப் பார்க்க மனம் பொறுக்காமல், அவர் மகள் சொன்ன ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஆபத்தான விஷயமே இல்லை. அம்மா அன்றிரவே அதை மகளிடம் கேட்டுவிட்டார். பிறகு அந்த ஆண்டு முழுக்க அந்தப் பெண் என்னை நடைபாதையில் பார்த்தால்கூட வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அவள் அம்மாவிடமும் பேசவில்லை. பேசுவதற்கு அவளுக்கு இருந்த ஓர் இடத்தையும் நான் பறித்ததுதான் மிச்சம்.

இரண்டு வாரம் கழித்துத்தான் உங்களுக்குத் தெரிந்தது என்பதில் எனக்கும் வருத்தம்தான். வகுப்பாசிரியர் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைப் பள்ளியிடம் அமைதியாகச் சொல்லுங்கள், சொல்லவேண்டிய விஷயம்தான்.

அடுத்து, சிஸ்டர்.

நீங்கள் நினைவில் வைத்திருக்கும் அந்த சிஸ்டரை எனக்கும் தெரியும். உங்கள் சிஸ்டர் இல்லை, அந்தத் தலைமுறை சிஸ்டர். ஒரே ஆள் தலைமையாசிரியை, கண்டிப்பவர், மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர், காய்ச்சல் வந்தால் கஞ்சி கொடுப்பவர், வீட்டில் அப்பா குடிக்கிறார் என்றால் வாசலில் வந்து நிற்பவர். பிரெஞ்சுப் பாதிரியார் பியூரெல் முயற்சியில் லசால் துறவறச் சகோதரர்கள் 1852-லும் குழந்தை இயேசு கன்னியர்கள் 1854-லும் இங்கே வந்தார்கள். அப்போதிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் நம் பள்ளிகள் அப்படித்தான் ஓடின. இன்று சைம்ஸ் என்று சாப்பாட்டுக் கடைகளோடு இருக்கிறதே, அந்தப் பழைய கான்வென்ட், அதில் 'நம்பிக்கை வாசல்' என்று ஒரு சின்னக் கதவு உண்டு. வளர்க்க வழியில்லாதவர்கள் பச்சைக் குழந்தையை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். யார் விட்டார்கள் என்று தெரியாமலேயே கன்னியர்கள் எடுத்து வளர்த்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கதவருகே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

கன்னியர்களும் சகோதரர்களும் இப்போது பள்ளியில் அரிது. அவர்கள் ஒருவராகச் செய்ததை இன்று நான்கைந்து பேர் பிரித்துச் செய்கிறார்கள். நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசாங்க உதவிபெறும் பள்ளிகள். பாடத்திட்டம் கல்வி அமைச்சினுடையது, ஆசிரியர்களை அனுப்புவதும் அமைச்சு, முழுநேர ஆலோசகரை நியமிப்பதும் அமைச்சு. 2000-களின் பிற்பகுதியில்தான் எல்லாப் பள்ளிக்கும் ஒருவர் என்று வந்தது. கட்டொழுங்கு இன்னொரு ஆசிரியர் கையில். விசுவாசம் சம்பந்தப்பட்டதைப் பார்க்கப் பல பள்ளிகளில் ஆன்மகுருவோ ஆன்மிகப் பணிக்குழுவோ தனியாக இருக்கிறது. மறைக்கல்வி ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோவிலில் நடக்கிறது. ஆக, உங்கள் மகளைக் கோவிலுக்குத் திருப்பிக் கொண்டுவருவது ஆலோசகரின் வேலைப் பட்டியலில் இல்லை. அவர் செய்ய மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். அவர் அதில் இறங்கினால்தான் தவறு.

அதேபோல, கோவிலை விட்டு அவளை விலக்குவதும் அவர் வேலை இல்லை. "கடவுளாவது ஒன்றாவது, விட்டுத்தள்ளு" என்று அவர் சொல்லியிருந்தால் பள்ளி முதல்வரிடம் போய் முறையிடுங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்பேன். ஆனால் உங்கள் கடிதப்படி அவர் திருத்தவில்லை, அவ்வளவுதான். திருத்தாமல் கேட்டார் என்றால் அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் இருந்த கத்தோலிக்கப் பள்ளியில் என் அறை நூலகத்தை ஒட்டிய சின்ன அறை. கதவில் ஓர் ஆள் முகம் தெரியும் அளவுக்குக் கண்ணாடி. உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு பெட்டி டிஷ்யூ, ஊனோ சீட்டுக்கட்டு, எதிர்ச்சுவரில் பாடுபட்ட சுரூபம், சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம். உயர்நிலை ஒன்றில் படித்த பையன் ஒருவன் வந்தான். அப்பா திடீரென்று மாரடைப்பில் இறந்து ஐந்து வாரம். நல்ல கத்தோலிக்கக் குடும்பம், பையன் பூசையில் குருவுக்கு உதவும் பீடச்சிறுவன். முதல் இரண்டு தடவை சீட்டைக் கலைத்துக் கலைத்து வைத்தானே தவிர ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது தடவை வாசலிலேயே நின்றுகொண்டு, "டீச்சர், அதைத் திருப்பி வைக்கலாமா?" என்று சுரூபத்தைக் காட்டினான்.

எனக்கு ஒரு கணம் என்ன செய்வதென்றே தெரியவில்லை. என் பாட்டி கேட்டிருந்தால் நெஞ்சில் கை வைத்திருப்பார். சுரூபத்தை நான் தொடவில்லை. அவன் நாற்காலியைத் தூக்கி மறுபக்கம் போட்டேன். சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தான். அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒன்றரை மணி நேரம் ஜெபமாலை சொன்னானாம். மாலையின் ஐம்பத்து மூன்று மணியில் எந்த மணியை உருட்டும்போது அப்பா போனார் என்று அவனுக்குத் தெரியவேண்டுமாம். "சரியா சொல்லலையோ, அதனாலதானோ?" என்று கேட்டான். பன்னிரண்டு வயசு முடிந்த பிள்ளை, தன் ஜெபத்தில் தப்பு இருந்ததால் அப்பா செத்தார் என்று ஐந்து வாரமாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "அம்மா தினமும் ராத்திரி ஜெபமாலை சொல்றாங்க. அவங்க அழுவாங்க" என்றான்.

அன்று நான் அவனிடம், "அப்படியெல்லாம் பேசக்கூடாது, ஆண்டவர் சித்தம்" என்று திருத்தியிருந்தால்? அவன் சரி டீச்சர் என்று எழுந்து போயிருப்பான். நம் பிள்ளைகள் மரியாதையான பிள்ளைகள். சுமையையும் கூடவே எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

அவன் மறுபடி சுரூபத்தைப் பார்த்து உட்கார்ந்தானா என்று கேட்பீர்கள். என் அறைக்கு வந்தவரையில் உட்காரவில்லை. ஆனால் தூங்க ஆரம்பித்தான், சாப்பிட்டான், ஃபுட்பாலுக்குத் திரும்பப் போனான். ஒரு நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து, அந்த ஜெபமாலைக் கதையை என் முன்னால் அவனே அவரிடம் சொன்னான். அந்த அம்மா அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் நான்கு மாதம் காத்திருந்தோம். நான் முன்கூட்டியே போனில் கூப்பிட்டு அவரிடம் சொல்லியிருந்தால் அந்த அரை மணி நேரம் கிடைத்திருக்காது.

ஆலோசகர் கத்தோலிக்கர் இல்லை என்பது உங்களை உறுத்துகிறது. மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. எனக்கும் இதன் மறுபக்கம் நடந்திருக்கிறது. கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு நான் அரசாங்கப் பள்ளி ஒன்றில் இருந்தபோது மலாய்ப் பெண் ஒருத்தி வந்தாள். நோன்பு மாதம். மெலிந்துகொண்டே போனாள். நோன்பு என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். நோன்பு திறக்கும் நேரத்திலும் அவள் சாப்பிடுவதில்லை என்பதை நான் கண்டுபிடிக்கவே நாளாயிற்று. அவள் மதம் எனக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொன்றையும் கேட்டேன், சக மலாய் ஆசிரியை ஒருவரிடம் போய்க் கற்றுக்கொண்டேன். என் மதத்துப் பிள்ளையாக இருந்திருந்தால் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு கேட்காமலே விட்டிருப்பேனோ என்று இன்றும் யோசிப்பதுண்டு. உங்கள் மகளுக்கும், பங்கில் யாருக்கும் தெரியாத, கோவிலில் நாளை எதிரே வராத ஒருவரிடம் பேசுவது சுலபமாக இருந்திருக்கலாம்.

திருச்சபையும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. கிறிஸ்தவக் கல்வி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது, 1965 அக்டோபர் 28-இல். பிள்ளைக்கு முதல் ஆசான் பெற்றோரே என்று அழுத்திச் சொல்வது அந்த அறிக்கைதான். அதே நாளில்தான் மற்ற மதங்களை மதிக்கச் சொல்லும் அறிக்கையும் வந்தது. ஒரு சில வாரம் கழித்து டிசம்பர் 7-இல், நம்பிக்கை விஷயத்தில் யாரையும் வற்புறுத்தக்கூடாது என்ற மூன்றாவது அறிக்கை. போப் பிரான்சிஸ் 2024 செப்டம்பர் 13-ஆம் தேதி நம் கத்தோலிக்கத் தொடக்கக் கல்லூரிக்கு வந்தபோது, பல மதத்து இளையர்களை எதிரே உட்காரவைத்து, எழுதி வைத்திருந்த உரையை ஒதுக்கிவிட்டு மனசிலிருந்து பேசினாரே, அந்த அறையில் உங்கள் மகளும் அவள் ஆலோசகரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். யாருக்கும் விநோதமாகப் பட்டிருக்காது.

அவளுடைய "நம்பிக்கை போய்விட்டது" என்ற வார்த்தைக்கு வருகிறேன். அது உங்களை எங்கே குத்தியிருக்கும் என்று தெரியும். விசுவாசத்தை உறுதிப்படுத்தும் திருவருட்சாதனமான உறுதிபூசுதல் வேறு அடுத்து வருகிறது. ஆனால் சகோதரி, அன்னை தெரசா பல பத்தாண்டுகள் கடவுளின் அண்மையை உணரமுடியாமல் தவித்தார் என்பது அவர் கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வெளிவந்தபோதுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. 2016-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அத்தனை காலமும் அதை அவர் யாரிடம் சொன்னார்? நம்பிக்கையான ஒரு சில குருக்களிடம் மட்டும். ஊரறியச் சொல்லவில்லை. அவருக்கே அப்படி ஓர் இடம் வேண்டியிருந்தது என்றால், பதினாலு வயசுப் பிள்ளைக்கு வேண்டாமா?

இன்னொன்று. இது என் ஊகம், ஆலோசகர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, உங்கள் கடிதத்தை வைத்துத்தான் சொல்கிறேன். உங்கள் மகளுக்குக் கோவில் என்றால் பாட்டி. "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று அவள் வாயில் முதலில் நுழைந்தது பாட்டி குரலில். 1888-இல் கட்டிய அந்தக் கோவிலில் எந்த வரிசையில், எந்த மின்விசிறிக்குக் கீழே உட்காருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பூசை முடிந்து சிராங்கூன் ரோட்டுக்கு நடந்துபோய்த் தோசை சாப்பிட்டிருப்பார்கள். இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாட்டிதான் தமிழ். பள்ளியில் ஆங்கிலம், நண்பர்களோடு ஆங்கிலம், அம்மா அப்பாவோடும் பாதிக்குப் பாதி ஆங்கிலம். பாட்டி போகும்போது வீட்டிலிருந்து ஒரு பாஷையும் போய்விடுகிறது, அந்தப் பாஷையில் இருந்த ஜெபமும் போய்விடுகிறது. ஞாயிறு காலை அவளுக்கு வயிறு வலிப்பது பூசையை நினைத்தா, அந்த பெஞ்சில் காலியாக இருக்கப்போகும் இடத்தை நினைத்தா? எனக்குத் தெரியாது. அவளுக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

ஆலோசகர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த இடத்தில் அவருக்குக் கை எட்டாது. அவள் அவரிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். "அம்மாச்சி" என்று சொன்னால் அவருக்கு ஓர் உறவுப் பெயர் கேட்கும், அவ்வளவுதான். கதைகளை எந்தக் குரலில் சொல்வார், தலைவாரும்போது என்ன பாட்டு முணுமுணுப்பார் என்பதெல்லாம் இந்த உலகத்தில் இப்போது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று உங்கள் மகள். இன்னொன்று நீங்கள்.

நீங்களும் அம்மாவை இழந்திருக்கிறீர்கள். முழுக் கடிதத்திலும் அதற்கு ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறீர்கள். அவள் முன்னால் அழுதிருக்கிறீர்களா? அவளுக்காகத் தைரியமாக இருக்கவேண்டும் என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறவர்களை எனக்குத் தெரியும். பிள்ளைக்கு வெளியிலிருந்து பார்த்தால், அம்மாவுக்கு வலிக்கவில்லை, கோவிலுக்குப் போகவில்லை என்பதுதான் அம்மாவின் கவலை என்று தோன்றிவிடும். ஒரு நாள் அவளிடம், "எனக்கு அம்மாவை ரொம்பத் தேடுது" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். "உனக்கும் தேடுதா?" என்று கேள்வியாக்க வேண்டாம். சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். அவள் அன்று பதில் சொல்லவில்லை என்றாலும் பரவாயில்லை. எதிரெதிரே உட்காரவைத்துப் பேசாதீர்கள், விசாரணை மாதிரி ஆகிவிடும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது, துணி மடிக்கும்போது, பிள்ளைகள் வாய் திறப்பார்கள்.

வயிற்றுவலியைப் பாசாங்கு என்று தள்ளாதீர்கள். பலதுறை மருந்தகத்துக்கு ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டுங்கள். துக்கம் பிள்ளைகளுக்கு வயிற்றில் இறங்குவதுண்டு, ஆனால் வேறு நோய் இல்லை என்று மருத்துவர் சொல்லட்டும். தூக்கம், சாப்பாடு, எடை, குளிப்பது, தோழிகளோடு பேசுவது எல்லாவற்றையும் கவனியுங்கள். இவை வாரக்கணக்கில் சரிந்துகொண்டே போனால் ஆலோசகரிடம் சொல்லுங்கள். உங்கள் சம்மதத்தோடு அவர் ரீச் குழுவுக்கு அனுப்பமுடியும். பள்ளிப் பிள்ளைகளுக்காக 2007 முதல் இயங்கும் மனநலக் குழு அது, மருத்துவர், உளவியலாளர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். வாழப் பிடிக்கவில்லை என்று அவள் வாயிலிருந்து வந்தாலோ, கையில் கீறல் கண்டாலோ, பிரியமான பொருள்களை எடுத்துப் பிறருக்குக் கொடுக்க ஆரம்பித்தாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்-இன் 1767-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தேசிய மனநல எண் 1771-க்கும் அழைக்கலாம். அம்மாவாக நீங்கள் உங்களுக்காகவும் அழைக்கலாம்.

அப்புறம், ஆலோசகரிடம் இன்னொரு முறை போங்கள். "என்ன சொன்னாள்?" என்பதை விட்டுவிட்டு வேறு கேள்விகளோடு போங்கள். வாரம் எத்தனை தடவை பார்க்கிறீர்கள், எந்தப் பாட நேரத்தில் கூப்பிடுகிறீர்கள், எதை நோக்கிப் போகிறீர்கள், எப்போது முடியும் என்று நினைக்கிறீர்கள், நம்பிக்கை பற்றி அவள் கேள்வி கேட்டால் என்ன செய்வீர்கள், அவள் விரும்பினால் ஆன்மகுருவிடம் பேச ஏற்பாடு செய்வீர்களா. இவை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, நல்ல ஆலோசகர் இதற்கெல்லாம் மலர்ந்த முகத்தோடு பதில் சொல்வார். நீங்களும் அவருக்குக் கொடுக்கவேண்டியது இருக்கிறது. பாட்டி எப்படிப்பட்டவர், எப்படி இறந்தார், அப்போது உங்கள் மகள் எங்கே இருந்தாள், அடக்கத்துக்கு வந்தாளா, யார் அவளிடம் முதலில் சொன்னது. அவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. மகளிடம், "உன் ஆலோசகரைப் பார்த்துப் பாட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தேன். நீ என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை" என்று அன்றே சொல்லிவிடுங்கள். வேறு யார் மூலமாவது அவளுக்குத் தெரியவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். இப்போதைக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள் என்பது என் கருத்து. உங்கள் பங்குத்தந்தை வேறு சொல்லலாம், அவரிடமும் கேளுங்கள். நீங்கள் வழக்கம்போல் போங்கள், அவளுக்குக் காலைச் சாப்பாடு எடுத்துவைத்துவிட்டு. திரும்பி வரும்போது சிராங்கூன் ரோட்டில் அந்தத் தோசையை அவளுக்கும் ஒன்று வாங்கி வாருங்கள். உறுதிபூசுதலில் ஞானஸ்நான வாக்குறுதிகளை அவளே தன் வாயால் புதுப்பிக்கவேண்டும். ஓராண்டு தள்ளிப்போனால் தள்ளிப்போகட்டும்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருகிறது. அன்று பூசைக்கு வா என்று சொல்லவேண்டாம். "பாட்டிக்குப் பூ வாங்கணும், எது பிடிக்கும்னு உனக்குத்தான் தெரியும், வர்றியா?" என்று கேளுங்கள். வந்தால் பூவை அவளே வைக்கட்டும். அங்கே நின்று நீங்கள் ஜெபம் சொல்ல விரும்பினால் தமிழில் சொல்லுங்கள், அம்மா சொன்ன அதே வார்த்தைகளில். அவள் கூடச் சொல்லவில்லை என்றால் திரும்பிப் பார்க்காதீர்கள்.

என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.